ஆய்வாளர் எண் 14-க்கு

பெட்டியின் அடியில் உங்கள் சீட்டு கிடந்தது.
நீல மசி. "சரிபார்க்கப்பட்டது." கீழே 14.
பெயர் போடாததால்
எண்ணுக்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தெற்கே,
மானியோடோட்டோ சமவெளியில்.
மெரினோ ஆடுகள் எண்ணூறு.
முயல்களை யாரும் எண்ணியதில்லை.
பத்து முயல் ஓர் ஆட்டின் புல்லைத் தின்னும் என்பது
இங்கே வாய்ப்பாடு.
கம்பளி விற்ற காசில் வாங்கினேன்
உங்கள் இருபத்திரண்டு காலிபரை.

சமையலறை மேசையில் பிரித்தேன்.
வெளியே முகம் பார்க்கும் மினுக்கம்.
உள்ளே விரல் விட்டால்
தோட்டா ஏறும் சரிவில் ஒரு பிசிர்,
சவரத்துக்குத் தப்பிய ஒற்றை மயிர்போல.
ஒவ்வோர் ஈயத்தையும் கீறித்தான் உள்ளே விடுகிறது.
தொலைநோக்கி மாட்டும் நாலு துளைகளில்
மூன்று ஒரே கோட்டில்;
நான்காவது தனிக்குடித்தனம் போய்விட்டது.
மேகசின் நடக்கும்போதே கழன்று விழும்.
காட்டு தைம் புதருக்குள் அரைமணி நேரம்
மண்டியிட்டுத் தேடியிருக்கிறேன்.
போல்ட்டை இழுக்க முழங்காலும் வேண்டும்.
ஒட்டகத்துக்கு ஓர் இடத்திலா கோணல்.

பக்கத்துப் பண்ணை ஃபெர்கஸ் டால்ஜீல்
கையில் வாங்கிப் பார்த்தார்,
"திருப்பி அனுப்பு" என்றார்.
அனுப்பினேன். ஏழு வாரம்.
அதே பிசிரோடு வந்தது, கூடவே ஒரு வரி:
"அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்."
யார் அனுமதித்தது?

இந்தத் தோட்டாவுக்கு மருந்து விளிம்பில்.
உங்களுக்குத் தெரியாததா,
ஊசி விளிம்பை நசுக்கினால்தான் நெருப்பு.
உங்கள் ஊசியோ
வேண்டாதவர் வீட்டு விருந்தில் கை நனைப்பதுபோல்
தொட்டுவிட்டுத் திரும்புகிறது.
பத்துக்கு மூன்று, வெறும் 'டிக்'.
முயல் ஒரு காதை மட்டும் திருப்பும்.
பிறகு மேயும்.

அதுவரைக்கும் சிரிப்புதான்.

ஜூலையில் ஓர் இரவு, தரையெல்லாம் உறைபனி.
குழலின் வாயை நீங்கள் சாய்வாய் வெட்டியிருப்பதால்
ஐம்பது மீட்டரில் குண்டு ஓர் உள்ளங்கை விலகும்.
எந்தப் பக்கம் என்றாவது நிலையாக இருந்தால்
கணக்குப் போட்டுச் சுடலாம்.
அன்று தலைக்குக் குறிவைத்தது
இடுப்பில் போய் இறங்கியது.

முயல் கத்தும், 14.
ஆயுள் முழுக்க ஊமையாய் இருந்துவிட்டு
அப்போது மட்டும்.
அடுத்த குண்டு: டிக்.
அதற்கடுத்தது சரிவில் சிக்கி நின்றது.
விளக்கைப் பனியில் வைத்துவிட்டு
கையால் முடித்தேன்.
என் நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன்.
ஆனால் ஒன்று சொல்லவேண்டும்.
பத்தொன்பது வயதில் க்ராம்வெலில்
செர்ரி தரம்பிரிக்கும் கொட்டகையில் இருந்தேன்.
ஓடும் பட்டை, குளிர்ந்த தண்ணீர், மரத்த விரல்.
கடைசி மணிநேரம் கை சொல்லும், இது அழுகல் என்று;
கண் கடிகாரத்தைப் பார்க்கும்;
பழம் பெட்டிக்குள் போயிருக்கும்.
என் சீட்டிலும் ஓர் எண் இருந்தது. 31.
சிங்கப்பூரில் யாரோ அந்தப் பெட்டியைத் திறந்திருப்பார்கள்.
ஒரு கடிதமும் வரவில்லை.

உங்களுக்கும் கடைசி மணிநேரமாக இருந்திருக்கலாம்.
விளக்கு மங்கலாக இருந்திருக்கலாம்.
மேலாளர் இன்னும் நாற்பது கேட்டிருக்கலாம்.
இதையெல்லாம் நானே உங்களுக்காகச் சொல்லிப் பார்த்தேன்.
ஆனால் செர்ரி கத்தாது.

நேற்று நகம் தேய்க்கும் அரத்தால்
அந்தப் பிசிரை நானே எடுத்தேன்.
நாலு நிமிடம் ஆனது.
குழலின் வாய்க்கு என்னிடம் கருவி இல்லை.
ஊசிக்கும் இல்லை.

உங்கள் இரும்புத் துகளை டேப்பில் ஒட்டி
இத்துடன் வைத்திருக்கிறேன்.
சீட்டையும் திருப்பி அனுப்புகிறேன்,
எனக்கு அது உதவாது.

ரோவீனா கெடெஸ்
(முன்பு 31)