இறுதிப் பயனாளர்

கப்பலூர் சிட்கோ, நாலாவது ஷெட்.
மின்விசிறி செய்கிறார்கள்.
நான் செய்வது விசிறி அல்ல.
நிங்போவிலிருந்து வரும் கடிதத்தைத் தமிழில் சொல்லி,
முதலாளி மாயகிருஷ்ணன் சொல்லும் தமிழை
கெட்ட வார்த்தை கழித்து
சீனத்தில் அனுப்புகிறவள்.

பதினாலு வருஷமாய் அங்கே ஒரே ஆள், லுவோ.
முகம் பார்த்ததில்லை.
"நண்பரே, அங்கே மழை உண்டா?" என்றுதான் தொடங்குவாள்.
ஒரு காந்தம் உடைந்து போனால்
இரண்டு சும்மா வரும்.
அழகர் ஆற்றில் இறங்கும் வாரம்
கேட்காமலே தேதி தள்ளிப் போடுவாள்.

பிறகு அங்கே தலைமை மாறியது.
இங்கே அது மூன்றாம் பக்கம்,
கொட்டாம்பட்டி லாரி விபத்துக்குக் கீழே.
மொழிபெயர்க்க யாரும் கூப்பிடவில்லை.

கடிதத்தில் முதலில் மழை நின்றது.
அடுத்து நண்பர் போனார்,
"தங்கள் தரப்பு" வந்தது.
ஒருநாள்:
தங்கள் விலைப்பட்டியலின் பின்னட்டையில் உள்ள உலகப் படத்தில்
எங்கள் எல்லைக்கோடு பிழை.
"அது படமாம்மா? பிரஸ்காரன் அழகுக்குப் போட்டது" என்றார் முதலாளி.
அதை எப்படி எழுத?

வகுப்பில் ஒரு நாலெழுத்துத் தொடர் படித்தோம்.
ஒளியை மறை, இருட்டில் வளர்.
அந்த நாட்டின் பழைய ராஜதந்திரம் என்றார்கள்.
நோட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டேன்:
குடத்திலிட்ட விளக்கு.
இப்போது குன்றின் மேல் ஏற்றிவிட்டார்கள்.
வெளிச்சம் யார் யாருக்கோ.
சூடு கப்பலூர் வரை வருகிறது.

இந்த மாதம் காந்தம் வரவில்லை.
படிவம் வந்தது, ஒன்பது பக்கம்.

இறுதிப் பயனாளர் யார்?

சிம்மக்கல் லாட்ஜில் சட்டையைக் கழற்றிப் போட்டு
கணக்குப் பார்க்கும் மருந்துக் கம்பெனி ஆள்.
ராத்திரி டூட்டி முடித்து
ஆனையூரில் பகலில் தூங்கும் நர்ஸ்.
திருமங்கலம் கோர்ட்டில்
ஏழாவது வாய்தாவுக்கு உட்கார்ந்திருப்பவர்.
கட்டம் சின்னது.
"பொதுமக்கள்" என்று நிரப்பினேன்.

டீ வந்தது.
"சீனி தூக்கலா போடவாக்கா?"
பெயரிலேயே ஊரைச் சுமந்து கொண்டு
எப்போதோ இந்தத் தம்ளருக்குள் வந்துவிட்டது.
அதற்கு எந்தப் படிவமும் இல்லை.

ஐந்தாம் பக்கம்.
படைத்துறையோடு தொடர்பு உண்டா?

என் தம்பி செல்வக்காளை லடாக்கில் இருக்கிறான்.
உசிலம்பட்டியில் அவன் வீட்டுக் கூடத்தில்
ஊழியர் விலையில் நான் வாங்கிக் கொடுத்த விசிறி.
அதற்குக் கீழேதான் அவன் பிள்ளை
இரண்டு கையையும் விரித்துத் தூங்குகிறது.
அதன் வயிற்றுக்குள்
லுவோ எண்ணி அனுப்பிய பதினாறு காந்தங்கள்.

இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
பேனா கொஞ்சம் நின்றுதான் நகர்ந்தது.

மாயகிருஷ்ணன் பின்னால் நிற்கிறார்.
அறுபது பேர் சம்பளம் அவர் மூச்சில் கேட்கிறது.
"முடிஞ்சுதா?"

கடைசிப் பக்கம், பிற குறிப்புகள்.
ஒரு வரி சேர்த்தேன்.
"என்னம்மா அது?"
"சம்பிரதாயம், சார்."

மழையைப் பற்றி என்று
சொல்லவில்லை.