பதினாலாம் அறையின் தரை

மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி,
கொழுப்பை வாலில் சேர்த்துவைக்கும் பல்லி.
பேர் பாந்தா.
வங்காளத்தில் பழையசோறு என்று அர்த்தமாம்.
கண்ணாடிப் பெட்டியோடு
லாட்ஜ் கவுண்டரில் வைத்துவிட்டுப்
பையன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.
அவன் போகிற வார்டில்
பூவுக்கே அனுமதி இல்லை.

பாதுரி சார் முன்பணம் கட்டினார்,
பல்லிக்கும் சேர்த்து.
ரசீதில் எப்படி எழுதுவது?
'இதர' என்று எழுதினேன்.

ரயிலில் வந்த மண் நாறியிருந்தது.
கொட்டிவிட்டுப் பாலாற்றுக்குப் போனேன்.
தண்ணீர் இல்லாத ஆற்றில்
மணலுக்கா பஞ்சம் என்றால்
அதற்கும்தான்.
பாலத்துக்கடியில், சீமைக்கருவேல வேரில்
லாரிகளுக்குத் தப்பியது கொஞ்சம்.
மூன்று தரம் அலசினேன்.
மூன்றாம் தண்ணியும் டீ நிறம்.
மேற்கே தோல் ஷாப்புகள் ஞாபகம் வந்து
நாலாவது தரமும்.

பாந்தா மணலை நக்கியது.
சுண்ணாம்புச் சத்து குறைந்தால் நக்குமாம்;
இது பிற்பாடு தெரிந்தது.
ஆறாம் நாள்
பாச்சையைத் திரும்பிப் பார்க்கவில்லை.
வயிற்றுத் தோலுக்கடியில்
நீலமாய் ஒரு கட்டி.

கால்நடை ஆஸ்பத்திரியில்
இரண்டு ஆட்டுக்கும் ஒரு சேவலுக்கும் பின்னால் டோக்கன்.
டாக்டரம்மா உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்து
"ஆத்தையே முழுங்கி வெச்சிருக்கு" என்றார்.
வெதுவெதுப்பான தண்ணியில் பத்து நிமிஷம்,
வாயோரம் ஒரு சொட்டு எண்ணெய்.
நாலாம் நாள் ராத்திரி
பாலாறு வெளியே வந்தது,
ஒரு சிட்டிகை.
ரூம் சுத்தம் செய்கிற தேவகிருபையை
எழுப்பிக் காட்டினேன்.
"இதுக்கா எழுப்புன?"
ஆனாலும் டார்ச்சை வாங்கிக் குனிந்தாள்.

அப்புறம் செய்தித்தாள்.
இந்தி, வங்காளி, நம்முடையது,
எல்லாம் அறைகளில் மிஞ்சும்.
ஒரே மூலையில்தான் போகும், ஒழுக்கமான பிராணி;
அந்தத் தாளை உருவினால் தீர்ந்தது.
ஆனால் விடிய விடியச் சுரண்டும் சத்தம்.
எவ்வளவு தோண்டினாலும்
தோண்டின அடையாளமே விழாத தரை.

பாத்ரூம் மிச்சத்தில் சொரசொர டைல்ஸ் இரண்டு போட்டேன்.
துடைக்கச் சுலபம், நகத்துக்கும் பிடிமானம்.
அதிலும் சுரண்டல்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பையன்.
தலையில் முடி இல்லை.
சாப்பிடுகிறதா என்று கேட்கவில்லை.
பாதித் தமிழில்
"கீழே என்ன போட்டீங்க?"
சொன்னேன்.
தன் காலைத் தூக்கிக் காட்டினான்:
நீல உறை.
உறை இல்லாமல் தரையில் கால் வைத்துப்
பத்தொன்பது நாள் ஆகிறதாம்.
"அது தோண்டணும் அங்கிள்."

சத்துவாச்சாரி மலையடியில் செம்மண்.
காட்பாடி நர்சரியில் தென்னை நார்த்தூள் கட்டி.
மண் இரண்டு பங்கு, தூள் ஒரு பங்கு.
சலித்தேன், கேன்டீன் மாவுச் சல்லடையில்;
அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.
மொட்டைமாடியில் மூன்று நாள் காயவைத்தேன்.
வேலூர் வெயில் உருப்படியாய்ச் செய்த ஒரே காரியம்.
நாலு விரல் உயரம் கொட்டி
லேசாய் நீர் தெளித்தோம்.
சொம்பின் அடியால் தட்டித் தட்டி
இறுக்கினாள் தேவகிருபை,
குழி தோண்டினால் சரியாத அளவுக்கு.
தீனி போட ஒரு டைல் அப்படியே இருக்கட்டும்.
பாட்டில் மூடியில் சுண்ணாம்புப் பொடி.
குளிர்ந்த பக்கம் ஒரு கொட்டாங்கச்சி,
உள்ளே ஈரம், தோல் உரிக்க.
ஈரம் விட்டால் விரல் நுனியில்
பழைய தோல் மோதிரமாய் இறுகும்,
விரலே போய்விடும்.

அடுத்த ஞாயிறு போனைப் பெட்டியருகில் பிடித்தேன்.
கொட்டாங்கச்சிக்கடியில் புதுக் குழி,
வால் மட்டும் வெளியே.
"பாந்தாவைக் கூப்பிடட்டுமா?"
"வேணாம். மண்ணைக் காட்டுங்க."
காட்டினேன். கை வலித்தது.
இன்னும் கொஞ்சம் என்றான்.

கவுண்டர் டிராயரில் ஒரு ஸ்பூன்,
கேன்டீனோடு கலக்காமலிருக்கச்
சிவப்பு நூல் சுற்றியது.
தினம் காலை அதில் மூலையை அள்ளணும்,
ஒளிந்திருக்கும் பாச்சையைப் பிடிக்கணும்,
விரலால் தொட்டு ஈரம் பார்க்கணும்.
இன்றைக்குப் போனேன்.
மூலை காலி.
மத்தியானம் மறுபடி பார்க்கணும்.