மங்கலாக்கும் கருவி

ஈஜிபுராவில் இரவு ஒன்றரை.
தண்ணீர் லாரி போனபின்தான்
பதிவுப் பொத்தானை அழுத்துவேன்.
வணக்கம், இன்றைக்கு ஜிஎஸ்டி கணக்கை எக்செல்லில்...
மேல்வீட்டில் கட்டிலை இழுக்கிறார்கள்.
மறுபடி வணக்கம்.

எடிட்டிங்கில்
என் 'வந்து'களை வெட்டினேன்,
எச்சில் விழுங்கியதை வெட்டினேன்.

நாலாம் நிமிடம்
திரையின் வலது மூலையில் எட்டிப் பார்த்தது
இளங்கீரனின் செய்தி:
'கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். நீயும் போட்டுடு.'

அதன்மேல் ஒரு சதுரம் இழுத்து
மங்கலாக்கினேன்.
அடுத்த வரி சொல்லும் குரலில் ஒன்றும் தெரியவில்லை.
அதற்கு முன்பு மட்டும்
ஒன்பது நொடி
கர்சர் ஒரே கட்டத்தில்
மினுக்கிக்கொண்டு நிற்கிறது.

அதை வெட்டவில்லை.
பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்,
கூட்டிப் பார்க்க
நேரம் கொடுக்கிறேன் என்று.