மேட்டுக்கு ஐம்பது

கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் என்று
லூர்துமணி டீச்சர் எழுதிக் கையெழுத்திட்டார்.
அரிசி ஆலை ஜமாலுதீன் ஐந்து:
"ஏறிப் போனாலும் சரி, இறங்கித் தள்ளினாலும் சரி."
பஞ்சர் கடைப் பையன் காசில்லை என்று
இரண்டு டயருக்கும் காற்றடித்துவிட்டு
பட்டியலில் 'காற்று' என்றே எழுதினான்.

உரக்கடைத் தண்டாயுதம் மட்டும்
தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டே யோசித்தார்.
"சமதரையில சைக்கிள் தானா உருளும்,
அதுக்கு எதுக்குக் காசு?
மேடு ஏறு. மேட்டுக்கு ஐம்பது."
கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
நானும்தான்.
ஒரு கோலிக்குண்டை வைத்தால்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்
அப்படியே நிற்கும் ஊர் இது.

தவக்காலத்து இரண்டாம் சனி.
மகனுக்குப் பள்ளியில் கொடுத்த நீல சைக்கிள்,
சீட்டை இரண்டு விரல் இறக்கி.
எட்டுக் கோயில், எட்டு முத்திரை,
போக வர அறுபத்துநாலு கிலோமீட்டர்.
எங்கள் சந்தியாகப்பர் கோயில் கூரையில்
முந்நூறு ஓடு போயிருக்கிறது.
பூசையில் எழுந்தேற்றத்தின்போது
வௌவால் ஒன்று தவறாமல் குறுக்கே பறக்கிறது.
சாரம் கட்டச் சவுக்குக் கம்பு வாடகையே
பதினெட்டாயிரம் என்றார் கொத்தனார்.

முதல் மேடு மஞ்சளாறு.
பாலத்தை அதுவரை நான்
பாலம் என்றே நினைத்திருந்தேன்.
எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் தெரிந்தது,
ஐம்பது ரூபாய்.
அப்புறம் வீரசோழன். ஐம்பது.
நாட்டாறு. அரசலாறு,
இது கொஞ்சம் நீளம், ஆனாலும் ஐம்பதுதான்.
திருமலைராஜன். முடிகொண்டான்.
ஒரே ஆறாக வந்திருந்தால்
ஒரே பாலத்தோடு தண்டாயுதம் தப்பித்திருப்பார்.
கல்லணை தாண்டிக் காவிரி
பிரியப் பிரிய
அவருக்குச் செலவு.

வாய்க்கால் மதகுகளில் சந்தேகம் வந்தது.
எனக்கு நானே சட்டம் போட்டேன்:
மூச்சு வாங்கினால் மேடு.
இரண்டை விட்டேன். மூன்றாவதில்
வாங்கினேனா இல்லையா என்று குழப்பம்.
பாதி போட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது கோயிலில் ஆளில்லை.
பூட்டிய கதவில் சாய்ந்து ஓர் ஆடு அசைபோட்டது.
வயலில் அறுவடை மிஷினை நிறுத்திவிட்டு
டிரைவர் வந்தார், ஆத்தூர்க்காரர், நெற்றியில் விபூதி.
முத்திரைக் கட்டத்தில் என் பேனாவால்
ஒரு சிலுவை போட்டார். கொஞ்சம் சாய்ந்த சிலுவை.
"கோவிச்சுக்காதே சாமி" என்றார்,
எந்தச் சாமியிடம் என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பிற்பகலில் பாதிச் சாலைக்கு நெல் காய்ந்தது.
இறங்கித் தள்ளினேன், நான்கு கிலோமீட்டர்,
ஜமாலுதீனை நினைத்துக்கொண்டு.
திரும்பும்போது அதே பாலங்கள்
எதிர்ப்பக்கத்திலிருந்தும் மேடாகவே இருந்தன.
காலையில் விட்ட மதகுகளிலும்
மூச்சு வாங்கியது.

இருபத்தேழரை.

தண்டாயுதம் ஒப்பவில்லை.
மறுநாள் கொத்தனாரின் மட்டக்குழாயில்
தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு
பாலம் பாலமாக அளக்க வந்துவிட்டார்.
முதலில் ஓரிடத்தில் சரிபார்ப்போம் என்று
கோயில் வாசலில் ஒரு முனை,
சாலையில் ஒரு முனை பிடித்தோம்.
குழாய்க்குள் தண்ணீர் ஆடி ஆடி நின்றது.

கோயில் தரையைவிடச் சாலை
இரண்டே கால் அடி உயரம்.
தார் மேல் தார் போட்டுப் போட்டு
ரோடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது.
கோயில் நின்ற இடத்தில் நின்றிருக்கிறது.
ஐப்பசியில் பீடம் வரை தண்ணீர் வந்ததற்கு
ஓடுகளைத்தான் இத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

அவர் குழாயைச் சுருட்டினார்.
பாலங்களுக்குப் போகவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி,
அண்ணாந்து வௌவாலைப் பார்த்துவிட்டு,
மூன்று படி ஏறி வெளியே வந்தார்.
கடைசிப் படியில் நின்று
ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்குது," என்றார்.
"எழுதிக்க. இருபத்தெட்டரை."