பால் இறங்கிய எண்ணெய்

வாரத்தில் ஆறு நாள் நான்
குலசேகரம் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு.
ஏழாம் நாள், முதல் பூசை முடிந்த கையோடு
சேலையை மடித்து வைத்துவிட்டு
முழங்கால் கவசம் மாட்டுகிறேன்.

வண்டி மார்த்தாண்டத்தில் வாங்கியது, செகண்ட் ஹேண்ட்.
இருநூறு சிசி, நான்கு ஸ்ட்ரோக்,
முன்சக்கரம் இருபத்தொரு அங்குலம்.
அந்த உயரத்துக்கு என் கால் எட்டாது;
நின்றால் இடது பெருவிரல் மட்டும்
குமரி மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

"நாலு ஓட்டத்துல ஒண்ணுதான் வேல,
மத்த மூணும் சும்மா.
ஒங்க பேங்க் மாதிரி" என்பான் பெல்சன்.
அவனுடையது பழைய டூ ஸ்ட்ரோக்.
பின்னால் போனால் திங்கள் வரை தலைமுடியில் புகை.
நான் பதில் சொல்வதில்லை.
இரண்டாவது கியரில், கிளட்சைத் தொடாமல்,
மேட்டில் நடக்கிற எருமைபோல
அது தன்பாட்டுக்கு ஏறும்போது
அந்தச் சும்மா இருக்கும் மூன்றும்
எனக்குக் கேட்கும்.

ஐப்பசி.
தடிக்காரன்கோணம் தாண்டி, எஸ்டேட் கேட்டில்
பேர் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம்.
ரப்பர் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை.
முந்தின இரவு மழை.
ஓடை எப்போதும் முழங்கால்,
அன்றைக்கு இடுப்பு.
பெல்சன் மேல்பக்கம் ஒதுங்கிக் கடந்துவிட்டான்.
நான் நடுவில், உருண்டைக் கல் ஒன்றில்...
சொல்ல அதிகமில்லை.
வண்டி குடித்தது.

பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மிதித்தேன்.
எஞ்சின் தலையிலிருந்து ஓடை பீய்ச்சியது.
ஆயில் பார்க்கிற சின்னக் கண்ணாடியில்
கடுப்பம் குறைந்த பால் சாயா.
"இனி ஸ்டார்ட் பண்ணப்பிடாது அக்கா."
ஆயில் வாங்கப் போனான்.
அவன் போன பிறகும் கொஞ்ச நேரம்
அவன் புகை என்னோடு நின்றது.

சிரட்டை சிரட்டையாகப் பாலை
வாளியில் வழித்துக்கொண்டு ஒரு பெண் வந்தார்.
ரோஸ்லெட். பேர் பிறகுதான் தெரியும்.
குனிந்து கண்ணாடியைப் பார்த்தார்.
"இதுலயும் பால் எறங்குதா?"
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க போறிய?"
"சும்மாதான்."
"சும்மாவுக்கா இவ்வளவு மேல?"

பிறகு பாதையைக் காட்டினார்.
பின்டயரின் பற்கள் உழுத சால்,
போன ஞாயிறு நான் போட்டது,
தண்ணீர் கட்டிக் கிடந்தது.
"மறுநாளு நெத்தி வெளக்கோட வெட்ட வந்தேன்.
மரம் வெட்டித் தீந்து பால் எடுத்துட்டுத் திரும்பும்போ
இதுல காலு வச்சு விழுந்தேன்.
ரெண்டு வாளி போச்சு."
குரலில் கோபம் இல்லை.
தவணை தாண்டிய நகைக்கு வட்டி சொல்லும்போது
கவுண்டரில் நான் வைத்திருக்கிற
அதே குரல்.

தினமும் பவுனுக்கு விலை சொல்கிறவள் நான்.
ரெண்டு வாளி எவ்வளவு என்று கேட்க
வாய் வரவில்லை.

பெல்சன் வந்தான். இறக்கினோம், ஊற்றினோம்,
ஒரு நிமிடம் ஓடவிட்டு மறுபடி இறக்கினோம்.
"ஓடையில விட்டுராதிய" என்று
பழைய கேன் ஒன்று தந்தார்.
கடைசியில் வண்டி ஒழுங்காகப் பிடித்தபோது
எனக்குக் கண் கலங்கியது.
ரோஸ்லெட் காது கொடுத்துக் கேட்டார்.
"ஆட்டோ சத்தம்தான?"

அடுத்த ஞாயிறு பின்சீட்டில்
மண்வெட்டி கட்டிக்கொண்டு போனேன்.
சால் நான் நினைத்ததைவிட நீளம்.
முப்பது அடி மூடுவதற்குள் கை கொப்பளித்தது.
பெல்சன் கல் பொறுக்கிப் போட்டான்,
கல்லுக்கு ஒரு குறை சொன்னான்.
பால் எடுத்துத் திரும்பிய ரோஸ்லெட்
புதுமண்ணை மிதித்துப் பார்த்தார். போதாது என்றார்.
மறுபடி இடித்தேன்.

வாளியை இறக்கி வைத்துவிட்டு
கிழக்கே கை நீட்டினார்.
"அந்தப் பாற வழியா ஒரு பாத உண்டு.
நல்ல செங்குத்து. யாரும் நடக்கமாட்டாவ.
அங்க எங்க மரம் ஒண்ணும் இல்ல.
விழுந்தா
நீங்கதான் விழுவிய."