நம்பகமான சாதனம்

லாரன்ஸ் ரோட்டில் எட்டாயிரத்து நானூறு,
மேலே ஒட்டும் கண்ணாடி இலவசம்.
பெட்டியைப் பிரித்ததும் ஆண்ட்ராய்டு
அக்கா என்று கூப்பிட்டதுபோல் இருந்தது.
பெரிதாய் எதுவும் விசாரிக்கவில்லை,
எந்த மொழி வேண்டும் என்பதைத் தவிர.

அஞ்சல் மட்டும் உள்ளே வர மறுத்தது.

என் முகவரி ஆப்பிள் வீட்டு முகவரி.
மூன்று வருடமாய் எல்லா விண்ணப்பத்திலும் அதைத்தான் எழுதினேன்.
பெயருக்குப் பின்னால் ஒரு மேகம் இருப்பது
அப்போது கொஞ்சம் மிதப்பாய் இருந்தது.
புதுச்சேரியில் ஓர் ஆய்வகம்
நாளை பத்து மணிக்குள் பதில் கேட்கிறதாம்.
கூடப் படித்த பெர்னதெத்துக்கு வந்துவிட்டது.
எனக்கும் வந்திருக்க வேண்டும்.
வந்த இடம்தான் பூட்டியிருக்கிறது.

'பிற' என்பதை அழுத்தச் சொன்னது திரை.
மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் வண்ணப் படம் இருந்தது,
எனக்குச் சாம்பல் நிறத்தில் ஓர் உறை.
உள்வரும் வாசல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று,
வெளிச்செல்லும் வாசல் ஐந்நூற்று எண்பத்தேழு.
கலெக்டர் ஆபீஸிலேயே இரண்டுக்கும் ஒரே கேட்தான்.

கடவுச்சொல் தவறு என்றது.
சரியான கடவுச்சொல்தான். ஆனால் தவறு.
வெளியாள் ஃபோனுக்குத் தனியாக ஒன்று வாங்கி வர வேண்டுமாம்,
பதினாறு எழுத்து, நாலு நாலாய், இடையில் கோடு போட்டு.
அதை வாங்க ஆறு எண் சொல்ல வேண்டும்.
அந்த ஆறு எண்
'உங்கள் நம்பகமான சாதனத்துக்கு' அனுப்பியாகிவிட்டது.

என் நம்பகமான சாதனம்
முதுநகரில், தஸ்தகீர் பாயின் மேசை இழுப்பறையில்,
ஆறாயிரத்துக்கும் அதன் வட்டிக்கும்
முகம் குப்புறக் கிடக்கிறது.

இரவு ஒன்பது நாற்பது. ஷட்டர் இறங்கும் சத்தம் பாதியில் நின்றது.
"பாய், அது ஏதாவது சொல்லுதா?"
"மினுக்குதும்மா. என்னமோ வந்து நிக்குது."
வேலை செய்கிறதா என்று காட்ட
அன்று போட்ட கடை வைஃபை அப்படியே இருந்திருக்கிறது. சரி,
மூன்று வாரமாய்ச் சும்மா கிடப்பதில் உயிர் எப்படி என்றேன்.
"அடகு வச்ச பொருள் நம்ம கையில சாகலாமா?
ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லாத்துக்கும் சார்ஜ் போடுவேன்."

திறக்கும் எண்ணை அது அவரைக் கேட்டது. அவர் என்னைக் கேட்டார்.
கூடத்தில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
மொட்டைமாடிக்குப் போய், கெடிலத்துப் பக்கம் திரும்பி,
மெதுவாய்ச் சொன்னேன். ஒரு தேதி அது.
யாருடையது என்று அவர் கேட்கவில்லை.
"திறந்திடுச்சு."

பிறகு படித்தார்:
"சென்னை பக்கத்துல யாரோ உங்க கணக்குல நுழையப் பார்க்கறாங்களாம்.
மேப்பெல்லாம் போட்டிருக்கு. விடவா, வேண்டாமா?"
"அந்த யாரோ நான்தான் பாய்."
"சென்னைன்னு இருக்கே?"
"செம்மண்டலம் பாய். மாடியில நிக்கிறேன்."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
எந்த இயந்திரமும் எனக்காக அவ்வளவு நேரம் யோசித்ததில்லை.
"குரல் நீங்கதான்" என்று சொல்லி
விட்டார்.

நாலு, பூஜ்யம், நாலு, ஒன்பது, ஒன்று, ஏழு.
கண்ணாடி போடாமல் ஒன்றை ஏழு என்று படித்ததில்
எல்லாம் இன்னொரு முறை.

பதினாறு எழுத்தையும் தட்டி முடிக்கையில் பத்தே கால்.
படிக்காத அஞ்சல் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
எல்லாவற்றுக்கும் மேலே,
'உங்கள் கணக்கில் யாரோ நுழைந்திருக்கிறார்கள்.
அது நீங்கள் இல்லையென்றால் உடனே தெரிவிக்கவும்.'
அதற்குக் கீழே செருப்புத் தள்ளுபடி.
அதற்குக் கீழே, நேற்று மாலை நாலு ஐம்பத்திரண்டு, புதுச்சேரி.

வருகிறேன் என்று எழுதினேன்.
பழைய ஃபோன் தானே போட்டுவிடும் கடைசி வரி இதில் இல்லை.
ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டி நானே சேர்த்தேன்:
'என் ஐபோனிலிருந்து அனுப்பியது.'
முழுப் பொய்யும் இல்லை.

தஸ்தகீர் பாய் இன்னும் லைனில்தான் இருந்தார்.
"வச்சிடவாம்மா?" என்றார்.
எதை என்று
ஒரு நொடி எனக்குப் புரியவில்லை.