எந்த ஓம்

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி.
கடற்காற்றுத் தின்ற பிளக் பொயின்றுகளைக்
கழற்றிக்கொண்டிருந்தேன்.
"ஓம்... ஓம்... ஓம் அக்கா, ரெண்டு மணிக்கு வாறன்"
என்று போனை வைத்ததும்
அறை மாறக் காத்திருந்த ஒல்லாந்துக்காரி மரைக்கே
சிரித்துக்கொண்டு கேட்டாள்:
உனக்கு எத்தனை மாமன்?

அவளுடைய பாஷையில் ஓம் என்றால்
தாயின் தம்பி. தகப்பனின் தமையனும் அதுதானாம்.
எங்களுக்கு மாமா வேறு, பெரியப்பா வேறு,
ஒருவர் மகளைக் கட்டலாம்
மற்றவர் மகள் தங்கச்சி, என்று
எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கி முடிக்க
ஒரு ஸ்க்ரூ கட்டிலுக்குக் கீழே உருண்டு போனது.

எங்கள் ஓமுக்கு ஒரு மாமனும் இல்லை.
ஆம் என்றதுதான் வாய்க்குள் உருண்டு ஓம் ஆனது என்கிறார்கள்.
கோணேசர் கோவிலில்
அதே சத்தத்தை மூச்சு முடியும்வரை இழுக்கிறார்கள்;
சந்தையில் அறுக்குளாவின் செவுளைத் தூக்கிப் பார்த்து
ஓமா இல்லையா, கெதியாச் சொல்லுங்கோ.
சென்னையிலிருந்து வருகிற யாத்திரிகர்களுக்கு
மீன் விலைக்கும் மந்திரமா என்று அதிசயம்.
என்னோடு வேலைக்கு வருகிற கிண்ணியா றிஸ்மினும்
நாள் முழுக்க ஓம்தான் சொல்கிறான்,
பாங்கு கேட்டால் பிளையரை வைத்துவிட்டுப் போகிறான்.

மீற்றரில் இருப்பது இன்னொன்று.
லாடம் மாதிரி ஒரு குறி,
யாரோ ஜெர்மன்காரனின் பெயராம்.
கரண்டை வயர் எவ்வளவு மறிக்கிறது என்று சொல்லும்.
நல்ல வயரென்றால் முள் வலது பக்கம் பாயும்.
உள்ளே எங்கோ அறுந்திருந்தால் அசையாது,
இடது ஓரத்தில்
ஒரு எட்டு படுத்துக் கிடக்கும் இடத்தில் நிற்கும்.

உறவில்லாத சொற்கள்.
ஒல்லாந்தர் இருந்த கோட்டையின் வாசலால்தான்
கோவிலுக்கும் போகவேண்டும்,
முகாமுக்கும் அதுதான்,
மான்களுக்கும்.

ரெண்டு மணிக்குக் கச்சேரியில்
லோஜினி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.
அத்தான் மூதூர் லோஞ்சுக்கென்று போனது
இரண்டாயிரத்து ஆறு, ஆவணி.
உத்தியோகத்தர் நல்ல மனிசன்,
ஃபானைக் குறைத்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்:
காலமானதாகப் பதிவமா, அம்மா?

அக்கா மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த
பழைய கலண்டரைப் பார்த்தாள்.
"ஓம்" என்றாள்.

அவர் எழுதத் தொடங்கினார்.
மீற்றர் என் பைக்குள்தான் இருந்தது.
நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்:
முள்
இடது ஓரத்தில்.